கழுத்தில் நட்சத்திரம் போட்டால் சாத்தான் கூட்டமா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் மகளோடு விடுதி அறையில் தங்கியிருக்கும் பெண், தன் மதம் 'விக்கா' என்கிறாளாம். கழுத்தில் வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம், மேசையில் மெழுகுவர்த்தி, கருப்புப் பிடி போட்ட ஒரு கத்தி. பௌர்ணமி இரவுகளில் ஏதோ பூஜையும் செய்கிறாளாம். இது சாத்தான் வழிபாடுதானே? சூனியக்காரிகளின் ஆதி மதம் இது என்றும், இதைப் பின்பற்றியதற்காகத்தான் ஐரோப்பாவில் தொண்ணூறு லட்சம் பெண்களை எரித்தார்கள் என்றும் ஒரு வீடியோவில் பார்த்தேன். அறையை மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: சாத்தான் வழிபாடு இல்லை. ஆதி மதமும் இல்லை. தொண்ணூறு லட்சம் பேரை யாரும் எரிக்கவும் இல்லை. நீங்கள் பார்த்த வீடியோவில் இந்த மதத்தை வெறுப்பவர்கள் பரப்பிய கதையும், நேசிப்பவர்கள் பரப்பிய கதையும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. இரண்டையும் நம்பிக்கொண்டு, இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண்ணைப் பற்றி முடிவெடுக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

சாத்தான் என்பவன் கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் வருகிறவன். கடவுளை எதிர்த்து நிற்கும் அந்தப் பகைவனுக்கு விக்காவில் இடமே கிடையாது. அவனைக் கும்பிட வேண்டுமென்றால் முதலில் அவன் இருப்பதாக நம்ப வேண்டுமே. விக்காவினர் பெரும்பாலும் ஒரு பெண் தெய்வத்தையும் ஓர் ஆண் தெய்வத்தையும் வணங்குகிறார்கள். நிலவோடு சேர்த்துப் பேசப்படுகிறவள் அவள். அவனுக்குத் தலையில் கொம்பு உண்டு, குழப்பமெல்லாம் அந்தக் கொம்பில்தான் ஆரம்பிக்கிறது. பண்டைய கெல்டிக் மக்களின் செர்னுன்னோஸ், கிரேக்கர்களின் பான் என்று கிறிஸ்தவத்துக்கு முன்பே கொம்புள்ள தெய்வங்கள் ஐரோப்பாவில் இருந்தன, விக்காவின் ஆண் தெய்வம் அந்த வரிசையில் வருகிறவன். சாத்தானின் பெயரைச் சொல்லியே நடக்கும் அமைப்பு வேறு இருக்கிறது: 1966-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்டன் லாவே தொடங்கிய சாத்தான் சபை. அவர்களுக்கும் விக்காவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். அதன் ஐந்து முனைகளும் நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆன்மா என்ற ஐந்தைக் குறிக்கின்றன என்பதுதான் விக்காவினர் பொதுவாகத் தரும் விளக்கம். தலைகீழாக இருந்தால் சாத்தான், நேராக இருந்தால் நல்லது என்று ஒரு கணக்கும் உலவுகிறது. அதையும் நம்பாதீர்கள். சாத்தான் சபை தலைகீழ் நட்சத்திரத்துக்குள் ஆட்டுத் தலையை வைத்துத் தன் சின்னமாக்கிக்கொண்டது உண்மைதான். ஆனால் விக்காவின் பழைய மரபுகளில் இரண்டாம் படி தீட்சையின் அடையாளமும் தலைகீழ் நட்சத்திரமே. நட்சத்திரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்து அதைப் போட்டிருப்பவரின் மனசைப் படிக்க முடியாது.

உங்களை அதிகம் பயமுறுத்தியது அந்தக் கத்தியாகத்தான் இருக்கும். அதன் பெயர் அத்தாமே. மரபுப்படி கருப்புப் பிடி, இரண்டு பக்கமும் கூர். சடங்கு தொடங்கும்போது அதைக் கையில் நீட்டிப் பிடித்தபடி சுற்றி நடந்து தரையில் ஒரு வட்டம் வரைவதாகப் பாவிக்கிறார்கள். அதற்கப்புறம் அந்த வட்டத்துக்குள் இருக்கும் இடம்தான் அவர்களுக்குக் கோயில். கிழக்கில் காற்றையும் தெற்கில் நெருப்பையும் மேற்கில் நீரையும் வடக்கில் நிலத்தையும் அழைக்கிறார்கள். பிறகு ஒருவர் ஒயின் கோப்பையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கத்தி முனையை மெல்ல அதற்குள் இறக்குகிறார். ஆண் பெண் சேர்க்கையின் குறியீடு அது. கடைசியில் அந்த ஒயினையும் கேக்கையும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, அழைத்தவர்களுக்கு விடை சொல்லி வட்டத்தைக் கலைத்துவிடுகிறார்கள். மூலிகை நறுக்க, மெழுகுவர்த்தியில் எழுத்துப் பொறிக்க என்றால் அதற்கு வெள்ளைப் பிடி போட்ட வேறொரு கத்தி இருக்கிறது. பெரும்பாலானோர் அத்தாமேயை எதையும் வெட்டப் பயன்படுத்துவதில்லை. விலங்கு பலியும் விக்காவில் கிடையாது.

கேள்விப்படுகிற எல்லாமே கட்டுக்கதை என்றும் சொல்ல மாட்டேன். மந்திரம் செய்கிறார்களா என்றால், செய்கிறார்கள், பலர் வெளிப்படையாகவே. உடல் தேற, வேலை கிடைக்க, மன தைரியம் வர என்று மெழுகுவர்த்தி ஏற்றி மனதை ஒருமுகப்படுத்திச் செய்யும் சடங்குகள் அவை. யாருக்கும் தீங்கு வராதவரை உன் விருப்பப்படி செய் என்பது அவர்களிடையே பரவலாகச் சொல்லப்படும் நெறி. செய்தது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்றும் பலர் நம்புகிறார்கள், அதை ஏற்காதவர்களும் உள்ளுக்குள்ளேயே உண்டு. ஆடையில்லாமல் சடங்கு செய்வது ஆரம்பகால மரபில் இருந்தது, இன்றும் சில குழுக்களில் தொடர்கிறது. நீள அங்கி போட்டுக்கொள்பவர்களும், சாதாரண உடையிலேயே செய்பவர்களும் நிறைய. அதைக் காம விளையாட்டாகச் சித்தரித்துத்தான் ஒரு காலத்தில் பத்திரிகைகள் விற்றன. அப்புறம் இன்னொன்று, மந்திரம் செய்கிறேன் என்று சொல்லும் எல்லோரும் விக்காவினர் ஆகிவிட மாட்டார்கள். ஆருடம் பார்க்கிறவர், சாபம் போடுகிறேன் என்று காசு கேட்கிறவர் செய்வதையெல்லாம் இந்த மதத்தின் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை.

சரி, 'ஆதி மதம்' என்ற கதைக்கு வருவோம். விக்காவை உலகுக்குத் தெரியவைத்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884-இல் பிறந்தவர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். இங்கிலாந்து திரும்பிய பிறகு, 1939-இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ரகசியமாக இயங்கிய ஒரு குழு தனக்குத் தீட்சை தந்ததாகச் சொன்னார். பிரிட்டனில் 1735-இலிருந்து இருந்த சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு, 1954-இல் கார்ட்னர் இந்த மதத்தைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் மார்கரெட் மர்ரே. ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு ரகசிய மதத்தினர் என்று 1921-இல் எழுதியவர் இவர்தான். வரலாற்று ஆய்வாளர்கள் அந்தக் கருத்தை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். கார்ட்னர் தன் குழுவுக்காக வைத்திருந்த சடங்கு நூலை எடுத்துப் பார்த்தால், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதர அமைப்பின் சடங்குகளின் சாயலும், அலெய்ஸ்டர் க்ரௌலி என்ற ஆங்கிலேய மாந்திரீகரின் வரிகளும் இருக்கின்றன. 1953-இல் தீட்சை பெற்ற டோரின் வாலியன்டே அந்த வரிகளை அடையாளம் கண்டு கார்ட்னரிடமே கேட்டார், பிறகு தானே உட்கார்ந்து பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார். இன்று பெண் தெய்வத்தின் வாக்காக விக்காவினர் ஓதும் அழகான உரைநடை அவர் கை பட்டது. 1999-இல் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் இந்த மதத்தின் பிறப்பை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அதற்குப் பிறகு, எங்கள் மதம் இருபதாம் நூற்றாண்டில் உருவானது என்று சொல்லிக்கொள்ள விக்காவினரிலேயே பலர் தயங்குவதில்லை. வயது குறைவு என்பதால் ஒரு நம்பிக்கை பொய்யாகிவிடாது, பழையது என்பதாலேயே உயர்ந்ததும் ஆகிவிடாது. எந்த மதமும் ஏதோ ஒரு காலத்தில் புதிதாக இருந்ததுதான்.

தொண்ணூறு லட்சம் என்ற எண்ணின் கதை இன்னும் மோசம். 18-ஆம் நூற்றாண்டில் ஃபோய்க்ட் என்ற ஜெர்மானியர், ஒரே ஒரு ஊரில் நடந்த தண்டனைகளை எடுத்துக்கொண்டு, அதையே ஐரோப்பா முழுக்க, பல நூற்றாண்டுகளுக்குப் பெருக்கிப் போட்டுக் கொண்டுவந்த எண் அது. பிறகு ஒருவர் சொன்னதை அடுத்தவர் எழுதி எழுதி அது உண்மை போல ஆகிவிட்டது. நீதிமன்றப் பதிவேடுகளைத் தோண்டிய இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை. அதுவே போதுமான கொடுமை, அதைப் பெரிதாக்கிக் காட்ட அவசியமே இல்லை. கொல்லப்பட்டவர்களில் பெண்களே மிக அதிகம், ஆனால் கணிசமாக ஆண்களும் உண்டு. எல்லோரும் எரிக்கப்படவும் இல்லை. இங்கிலாந்தில் தூக்குத்தான் வழக்கம். அமெரிக்காவின் சேலத்தில் 1692-இல் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், வழக்கில் வாய் திறக்க மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரின் மேல் கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். அங்கே ஒருவரைக்கூட எரிக்கவில்லை.

சேலத்தில் தூக்கிலிடப்பட்ட ரெபெக்கா நர்ஸை நினைத்துப் பாருங்கள். 71 வயது, காது சரியாகக் கேட்காது, தேவாலயத்தில் மதிப்போடு இருந்த பக்தியான கிறிஸ்தவர். நடுவர்கள் முதலில் குற்றமற்றவர் என்றுதான் சொன்னார்கள், பிறகு மறுபடி யோசிக்கவைத்துக் குற்றவாளி ஆக்கினார்கள், தேவாலயமும் அவரைத் தள்ளிவைத்தது, ஜூலை 19 அன்று தூக்கு. நான் சூனியக்காரி இல்லை என்று கடைசிவரை சொல்லிச் செத்த அந்த அம்மாவை, இல்லை, நீங்கள் ரகசியமாக வேறு தெய்வத்தைக் கும்பிட்டவர்தான் என்று முந்நூறு ஆண்டுகள் கழித்து நாம் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! அன்றைக்கு அவர் பேச்சை நம்பாதவர்கள் செய்ததையே, அன்போடு செய்கிறோம், அவ்வளவுதான்.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 1993-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வெஸ்ட் மெம்ஃபிஸ் என்ற ஊரில், எட்டு வயதுச் சிறுவர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். கைதான மூன்று இளைஞர்களில் டேமியன் எக்கோல்ஸுக்கு அப்போது 18 வயது, விக்காவில் ஈடுபாடு கொண்டவர். சாத்தான் சடங்குக்காக நடந்த கொலை என்று அரசுத் தரப்பு வாதாடியது. கருப்பு உடையும், படித்த புத்தகங்களும், கேட்ட பாட்டும் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகப் பேசின. மாந்திரீக நிபுணர் என்று சாட்சி சொல்ல வந்தவர், வகுப்பே போகாமல் முனைவர் பட்டம் வாங்கியவர். எக்கோல்ஸுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள். பின்னால் நடந்த மரபணுச் சோதனைகளில் மூவரில் எவரோடும் எதுவும் பொருந்தவில்லை. 2011-இல்தான் மூவரும் வெளியே வந்தார்கள். அப்போதும், நாங்கள் நிரபராதிகள், ஆனால் அரசிடம் தண்டிக்கப் போதுமான ஆதாரம் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம் என்ற ஓர் ஏற்பாட்டில் கையெழுத்துப் போட்ட பிறகே. பதினெட்டு வருடம் போய்விட்டது. அந்தக் குழந்தைகளைக் கொன்றது யார் என்ற கேள்வி இன்னும் பலரின் மனதில் அப்படியே நிற்கிறது.

இத்தனைக்கும் விக்கா ஒரு மதம்தான் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1986-லேயே, ஒரு சிறைக் கைதி போட்ட வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியும், ஆப்கானிஸ்தானில் 2005-இல் இறந்த பேட்ரிக் ஸ்டூவர்ட் என்ற ராணுவ வீரரின் நினைவுப் பலகையில் இதே நட்சத்திரத்தைப் பொறிக்க அரசு அனுமதிக்கவில்லை. அவர் மனைவி ரொபெர்ட்டா விடாமல் போராடினார், வழக்கும் போடப்பட்டது, 2007-இல்தான் அந்தச் சின்னம் அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலில் சேர்ந்தது. நாட்டுக்காகச் செத்தவருக்கே அந்த நிலை.

இனி உங்கள் கவலை. அண்ணன் மகளை மதம் மாற்றிவிடுவாளோ என்பதுதான் கேட்காமல் விட்ட கேள்வி என்று நினைக்கிறேன். விக்காவில் ஆள் பிடிக்கும் வழக்கம் இல்லை. 'கோவன்' என்கிற அவர்களின் குழுக்களில் சேர, மரபானவற்றில் 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஓர் ஆண்டும் ஒரு நாளும் காத்திருந்து கற்க வேண்டும் என்பார்கள். தீட்சைக்குக் காசு வாங்குவதும் கூடாது. எந்தக் கூட்டத்திலும் போல இங்கேயும் தலைமையில் இருந்துகொண்டு அடுத்தவரை ஆட்டிவைக்கிற ஆட்கள் இருக்கலாம், காசையோ உடலையோ கேட்கிறவரிடமிருந்து விலகி நிற்க வேண்டும், அது எந்த மதத்தில் என்றாலும். உங்கள் அண்ணன் மகளின் அறைத்தோழி தனியாகச் செய்கிறவள் போலத் தெரிகிறது. இன்று விக்காவினரில் ஏராளமானோர் அப்படித்தான், எந்தக் குழுவிலும் இல்லாதவர்கள்.

அறையை மாற்றுவதும் மாற்றாததும் அங்கே வசிக்கும் உங்கள் அண்ணன் மகளின் விருப்பம். ராத்திரி தூக்கம் கெடுகிறதா, அறை அவளுக்குப் பிடிக்கிறதா என்று அவளையே கேளுங்கள். நெருப்பு ஏற்றுவதும் கத்தி வைத்திருப்பதும் பல விடுதிகளில் விதிப்படி கூடாது. அது பற்றிப் பேச வேண்டுமென்றால், விதி என்ன என்று பார்த்துவிட்டு, இரண்டு பெண்களும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளட்டும், அதற்குள் மதத்தை இழுக்காதீர்கள். அந்த வீடியோவை அண்ணன் மகளுக்கு அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், அதில் இருப்பது தப்பு என்று இன்றைக்கே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.