விண்கலத்தில் புகை எந்தப் பக்கம் போகும்?

ககன்யான் வேலை நம்ம பெங்களூரிலேயே நடப்பதாலோ என்னவோ, இந்த முறை எல்லாக் கேள்வியும் விண்கலத் தீயைப் பற்றித்தான்.

எங்கள் ஃபிளாட்டில் ஸ்மோக் டிடெக்டர் சீலிங்கில் இருக்கிறது. விண்கலத்தில் எங்கே மாட்டுவார்கள் சார்? (அல்சூர் வாசகர்)

அறைக் காற்றை ஃபேன் திரும்ப இழுத்துக்கொள்ளும் பாதையில். இங்கே சூடான காற்று லேசாகி மேலே ஏறும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போகிறது. எடையற்ற நிலையில் அந்த ஏற்றமே இல்லை. காற்றோட்டம் இல்லாவிட்டால் புகை கிளம்பிய இடத்தையே சுற்றிக்கொண்டு கிடக்கும், இரண்டடி தள்ளியிருக்கும் டிடெக்டருக்குக்கூட விஷயம் தெரியாது. அதனால் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அதே ஃபேன்தான் தீயையும் விசிறிவிடும் என்பதால், சர்வதேச விண்வெளி நிலையத்தில் அலாரம் அடித்ததும் காற்றோட்டம் தானாக நின்றுவிடும். தீ பலவீனமாகும், சரி, ஆனால் டிடெக்டருக்கு மூக்கும் போய்விடும். அதற்கப்புறம் ஆட்கள்தான் கையில் கருவியோடு தேட வேண்டும். இந்தத் துறையில் எனக்கு இதைவிடக் கவலை தரும் விஷயம் வேறில்லை.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் எங்கள் வீட்டு டிடெக்டர் கத்துகிறது. அங்கே தூசிக்குக் கத்துமா? (ஒயிட்ஃபீல்டு வாசகி)

கத்தும், கத்தியும் இருக்கிறது. அங்கே தூசி கீழே படியாது. தோல் துகள், துணி நூல் எல்லாம் மிதந்துகொண்டே இருக்கும். சாம்பிராணிப் புகை நடுவே ஜன்னல் வெயில் கோடாகத் தெரிகிறதே, அதே விஷயம்தான்: லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை சென்சார் பார்க்கிறது. ஆனால் மிக நுண்ணிய புகையில் ஒளி அவ்வளவாகச் சிதறாது. நாசாவின் பழைய ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்தில் இருந்த அயனி வகை டிடெக்டர் (ஒளிக்குப் பதில் மின்னேற்றம் பெற்ற காற்றை வைத்துப் புகையை அறிவது) அதை நன்றாகப் பிடிக்கும். எந்தப் பொருள் எந்த அளவுத் துகளை விடுகிறது என்று பார்க்க, 2007-இல் நிலையத்திலேயே டெஃப்லான், சிலிக்கோன் ரப்பர் போன்றவற்றைச் சூடாக்கி அளந்தார்கள்.

தீ அணைந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிடலாமா?

கூடாது. 1997 பிப்ரவரியில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் ஆக்சிஜன் தரும் உருளை ஒன்று தீப்பிடித்து, உள்ளே இருந்த ஆறு பேரும் மாஸ்க்கோடு இருக்க வேண்டியிருந்தது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு, ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயுக்கள் மூன்றும் எவ்வளவு என்று கைக்கருவியில் பார்த்து, அளவு இறங்கிய பிறகுதான் கழற்றலாம்.

காற்றை வெளியே விட்டால் தீ அணையுமே?

அணையும். ஆட்களை வெளியேற்றி, கதவை அடைத்துவிட்டுச் செய்யும் கடைசி வழி அது. வெளியேறும் காற்று முதலில் தீயைக் கொஞ்ச நேரம் விசிறியும் விடும்.