நீலத்துக்குப் பதில் சிவப்பு

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆத்தங்குடி கல் போடுகிறவர், அச்சில் சாயம் ஊற்றித் தரைக்கல் வார்க்கிற வேலை. 2009 முதல் எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வருடமாக அச்சில் எந்த அறைக்கு எந்தச் சாயம் என்று தடுமாறுகிறார். நீலத்துக்குப் பதில் சிவப்பை ஊற்றிவிட்டு அப்படியே நிற்கிறார். உள்ளங்கால் எரிகிறது என்கிறார். வேலையில் மனசில்லை என்று மாமியார் திட்டுகிறார். கிருமி மூளைக்குப் போய்விட்டதா?
- ஒரு சகோதரி, காரைக்குடி வட்டாரம்

பதில்: சகோதரி, கிருமி மூளைக்குப் போவது புதிதாக நடப்பதில்லை. தொற்றிய சில வாரங்களிலேயே வெள்ளணுக்களோடு சேர்ந்து உள்ளே போய்விடும். அது நரம்பணுவைப் பிடிப்பதில்லை, அங்கே காவலுக்கு இருக்கும் அணுக்களில் குடியேறுகிறது. அவை விடாமல் கனன்றுகொண்டே இருக்க, அந்த வெக்கையில் நரம்பணு வாடுகிறது. மாத்திரை ரத்தத்தில் கிருமியை அடக்கிய பிறகும் சிலருக்கு இந்தக் கனல் முழுசாக அணைவதில்லை. அதனால் யோசனையின் வேகமும் கவனமும்தான் பெரும்பாலும் முதலில் குறையும். கைக்குத் தொழில் தெரியும், அடுத்தது என்ன என்பது சட்டென்று வராது. எதிலும் பிடிப்பில்லாமல் போவதும் கூடவே வரும். உங்கள் மாமியார் கண்ணில் படுவது அதுதான், திட்டித் தீராது.

ஆனால் எல்லா மறதியையும் எச்.ஐ.வி. தலையில் போட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, குடி எல்லாம் இதே வேலையைச் செய்யும். பாத எரிச்சல் கிருமியாலும் வரும், சர்க்கரையாலும் வரும். அந்த நாளில் ஸ்டாவுடின் என்றொரு மாத்திரை கொடுத்தார்கள், கால் எரிச்சலுக்குப் பேர்போனது. இப்போது அதை நிறுத்திவிட்டார்கள். பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள்.

எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். தனியாகப் போனால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்பிவிடுவார், ஆண்கள் வழக்கம் அது. சாயம் மாறியதை நீங்கள் சொல்லுங்கள். ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடும், எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கையான சி.டி.4-ம் பார்ப்பார்கள். சி.டி.4 200-க்குக் கீழே போனால் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்றவை நுழையப் பார்க்கும். விடாத தலைவலியோடு காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விழுவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது என்று எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. மறதிக்கு மாத்திரைதான் காரணம் என்று யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் மாற்றித் தருவார்.

அப்புறம், மாதிரிக் கல் ஒன்றை அவர் கண்ணெதிரே சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், பார்த்துப் பார்த்து ஊற்றட்டும். ஈர சிமெண்டில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். பாதம் மரத்திருந்தால் புண்ணானாலும் அவருக்குத் தெரியாது.