ரஃபேலை நேரடியாக வாங்கினோமே, நீர்மூழ்கியை மட்டும் ஏன் அப்படி வாங்க முடிவதில்லை?

"36 ரஃபேலுக்கு 2016-ல் ஒப்பந்தம் போட்டோம், வந்து இறங்கிவிட்டன. ஆறு நீர்மூழ்கிக்கு மட்டும் ஏன் இருபது வருஷம்?" என்று விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏதோ தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் நியாயம்தான். ஆனால் கோளாறு நீங்கள் தேடும் இடத்தில் இல்லை.

தயாராக நின்று விலைபோகும் புது நீர்மூழ்கி உலகத்தில் எங்குமே கிடையாது. கையெழுத்தான பிறகுதான் எஃகையே வெட்டுவார்கள். நார்வேயும் ஜெர்மனியும் 212சிடி ரக நீர்மூழ்கிக்கு 2021 ஜூலையில் ஒப்பந்தம் போட்டன. பல தலைமுறையாக நீர்மூழ்கி கட்டும் ஜெர்மனியின் கீல் நகரத்துத் தளம் அது. அங்கேயே முதல் கப்பலுக்குக் குறித்த வருடம் 2029. பழசை வாங்கலாமே என்பவர்களுக்கு: கனடா 1998-ல் பிரிட்டனிடம் நான்கு பழைய கப்பல்கள் வாங்கியது. அதில் ஷிகூட்டிமி என்ற கப்பல் 2004 அக்டோபரில் கனடாவுக்குக் கிளம்பிய முதல் பயணத்திலேயே, கடல்நீர் உள்ளே புகுந்து மின்கம்பியில் தீப்பிடித்தது. ஓர் அதிகாரி இறந்தார்.

ஆக, எட்டு வருடம் எல்லோருக்கும் ஆகும். மீதி தாமதம் நாமே வரவழைத்துக்கொண்டது.

1981-ல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. என்ற கப்பல் கட்டும் கம்பெனியோடு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம். சிஷுமார், சங்குஷ் இரண்டும் கீலில் கட்டி 1986-ல் கடற்படையில் சேர்ந்தன. ஷல்கி, சங்குல் இரண்டையும் மும்பை மசகான் தளத்தில் நம் ஆட்களே கட்டி முடித்தார்கள், 1992-லும் 1994-லும். இடையில் 1987-ல், இந்தப் பேரத்தில் கமிஷன் பணம் கைமாறியதாக விவகாரம் வெடித்தது. ஐந்தாவதும் ஆறாவதும் கைவிடப்பட்டன. அடுத்த நீர்மூழ்கிக்கு, அதாவது பிரெஞ்சு வடிவமைப்பில் மசகானில் கட்டும் கல்வரி வகை ஆறுக்கு, ஒப்பந்தம் போட்டது 2005 அக்டோபரில். பதினோரு வருடம் அந்தப் பட்டறைக்குப் புது நீர்மூழ்கி கட்டும் வேலை இல்லை.

வேலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வெல்டிங் ஒன்றே போதும். அழுத்தத்தைத் தாங்கும் உள்கூடு உயர்வலு எஃகு. வெல்டிங் ராடில் துளி ஈரம் இருந்தாலும் அதிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து உலோகத்துக்குள் போய்விடும். அதனால் ராடுகளை அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் சுட்டு, சூடு ஆறாத பெட்டியில் வைத்து எடுப்பார்கள். தகட்டையும் முன்கூட்டியே சூடாக்குவார்கள். இதில் ஒன்று தவறினால் விரிசல் அன்றைக்கே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து உள்ளுக்குள் விடும். 48 மணி நேரம் காத்திருந்து எக்ஸ்ரே, அல்ட்ராசோனிக் பார்ப்பது அதற்குத்தான். கண்டுபிடித்தால் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். வெப்பத்தில் உள்கூட்டின் வளையம் கொஞ்சம் முட்டை வடிவமானாலும் அது தாங்கும் ஆழம் குறைந்துவிடும். இந்தக் கைப்பழக்கம் கோப்பில் இருந்து வராது. 2012-ல் வரவேண்டிய முதல் கப்பல் கல்வரி 2017 டிசம்பரில் வந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் ஆட்களைப் புதிதாகப் பழக்கியதும் ஒன்று.

அடுத்தது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். கல்வரியில் டார்பீடோ (நீருக்குள் பாய்ந்து போய்த் தாக்கும் ஆயுதம்) ஏவும் 533 மில்லிமீட்டர் குழாய் ஆறு. 18 ஆயுதங்கள் கொள்ளும். அதற்கென்று தேர்ந்தெடுத்தது இத்தாலியின் பிளாக் ஷார்க் டார்பீடோ, 98 எண்ணம். அந்தக் கம்பெனி ஃபின்மெக்கானிகா குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமத்தின் ஹெலிகாப்டர் பேரத்தில் ஊழல் வழக்கு வந்ததும் டார்பீடோவும் ரத்தானது. கப்பல்கள் சேர்ந்தன, அவற்றுக்கான டார்பீடோ சேரவில்லை. எக்ஸோசெட் ஏவுகணை இருக்கிறது, பழைய ஜெர்மன் எஸ்.யூ.டி. டார்பீடோவை வைத்துச் சமாளிக்கிறார்கள். ஊழலுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கருத்தில் எழுத வேண்டாம். வழக்கு நடக்கட்டும், தண்டனை கொடுக்கட்டும். ஆனால் மாற்று டார்பீடோ கைக்கு வருமுன் இருந்த ஒன்றை வெட்டியது கப்பலில் போகிறவனுக்குச் செய்த அநியாயம்.

வேறு டார்பீடோவை அப்படியே நுழைத்துவிடவும் முடியாது. பாய்ந்து போகும்போதும் பின்னால் மெல்லிய கம்பி அவிழ்ந்துகொண்டே போகும். அதன் வழியாகக் கப்பலின் போர்க் கணினி அதற்கு வழி சொல்லும். அந்த இணைப்பு, மென்பொருள் எல்லாம் பிரெஞ்சு அமைப்போடு பொருந்த வேண்டும். ஒன்றை ஏவியதும் ஏறக்குறைய ஒன்றரை டன் எடை குறையும். அதே அளவு நீரை உடனே உள்ளே எடுக்காவிட்டால் முன்பக்கம் மேலே தூக்கும். நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் டார்பீடோவைக் கல்வரி வகையில் பொருத்தித் தர 2024 டிசம்பரில் 877 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சுக் கம்பெனியான நேவல் குரூப்போடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அப்போது முதல் கப்பல் வந்து ஏழு வருடம்.

மூன்றாவது, மூச்சு. கல்வரியில் 360 பேட்டரிகள், ஒவ்வொன்றும் 750 கிலோ. மொத்தம் 270 டன். நடைவேகத்தில் ஊர்ந்தால் நாள்கணக்கில் தாங்கும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தள்ளுவதற்கு ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். முழு வேகத்தில் ஓரிரு மணி நேரத்தில் தீரும். பிறகு மேலே வந்து, காற்றை உள்ளிழுக்கும் ஸ்நார்க்கெல் குழாயை நீட்டி, பேட்டரியை சார்ஜ் செய்ய டீசலை ஓட்டியாக வேண்டும். எதிரி ரேடாருக்குத் தென்படுவது அப்போதுதான்.

அந்த நேரத்தில் அலை ஒன்று குழாயின் தலையை மூடினால் வால்வு தானே அடைத்துக்கொள்ளும். டீசல் உடனே நிற்காது, உள்ளே இருக்கும் காற்றையே இழுக்கும். அழுத்தம் சட்டென்று இறங்கி எல்லோருக்கும் காது அடைக்கும். தலை வெளியே வரவில்லை என்றால் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். வால்வு சரியாக அடைக்காவிட்டால் கடல்நீர் பேட்டரி வரை போகும். 44 பேரோடு 2017 நவம்பரில் மூழ்கிய அர்ஜென்டினாவின் சான் ஹுவான் கடைசியாகத் தெரிவித்த கோளாறு அதுதான்.

ஆக்சிஜனைத் திரவமாகச் சுமந்துபோய், ஹைட்ரஜனோடு சேர்த்து ஃப்யூல் செல்லில் மின்சாரம் எடுக்கும் ஏ.ஐ.பி. இருந்தால், மெதுவான வேகத்தில் இரண்டு வாரம் வரை மேலே வர வேண்டாம். நம் ஆறிலும் அது இல்லாமலே கட்டினோம். டி.ஆர்.டி.ஓ.வின் ஃப்யூல் செல் தரையில் 2021 மார்ச்சில் தேறியது. சோடியம் போரோஹைட்ரைடிலிருந்து கப்பலிலேயே ஹைட்ரஜன் எடுக்கும் முறை என்பதால் ஹைட்ரஜனைத் தேக்கிவைக்க வேண்டாம், நல்ல யோசனை. இனி கப்பலைக் குறுக்கே வெட்டி, நடுவில் ஒரு துண்டைச் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். அதற்கு 1,990 கோடி. அந்தத் துண்டு தன் எடையைத் தானே மிதத்திக்கொள்ள வேண்டும். எடைக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை ஸ்பெயின் பார்த்தது: அதன் எஸ்-80 ரக நீர்மூழ்கி எடை கூடிப்போனது 2013-ல் வெளியே தெரிந்து, கப்பலையே சுமார் 10 மீட்டர் நீட்ட வேண்டிவந்தது.

சம்பந்தம் குறைவுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். "அணுசக்தி நீர்மூழ்கி" என்றால் "அணு ஆயுத நீர்மூழ்கி" என்று போடுவதைத் தமிழ்ச் செய்திகளில் தயவுசெய்து நிறுத்துங்கள். ரஷ்யாவிடம் குத்தகைக்கு எடுத்து 2012 முதல் 2021 வரை ஓட்டிய சக்ரா அணு உலையால் ஓடியது. அணு ஆயுதம் அதில் கிடையாது. அரிஹந்தில் இரண்டும் உண்டு. அதன் உலைக்கு மாதிரியைக் கல்பாக்கத்தில் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். நம் வீட்டுப் பக்கத்து விஷயத்திலாவது பிழை வேண்டாமே.

அடுத்த ஆறுக்கு, ஏ.ஐ.பி.யோடு, விலைப்புள்ளி கேட்டது 2021 ஜூலையில். கடலில் ஓட்டி நிரூபித்த ஏ.ஐ.பி. வேண்டும் என்றார்கள். பிரான்ஸ் 2022-ல் விலகியது, ஸ்பெயின் 2025 ஜனவரியில் தகுதி இழந்தது, ஜெர்மனி மட்டும் நின்றது. அதே மாதம் 15-ம் தேதி கல்வரி வரிசையின் கடைசிக் கப்பல் வாக்ஷீர் கடற்படையில் சேர்ந்தது. அன்று மசகானில் அடுத்த ஆறில் ஒன்றுக்குக்கூட எஃகு வெட்டியிருக்கவில்லை.