வாசகர் கேள்வி – பதில்: பச்சைத் தொட்டியும் ரக்கூனின் விரல்களும்

கேள்வி: ஸ்காபுறோவில் வீடு வாங்கிக் குடியேறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. திங்கட்கிழமை இரவு குப்பைத் தொட்டிகளை வாசலில் வைத்தால், செவ்வாய் காலையில் உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டி விழுந்து கிடக்கிறது. மீன் தலையும் இறால் கோதும் அயல் வீட்டுப் புல்தரை வரை இழுபட்டிருக்கின்றன. நகரசபை தந்த பூட்டுள்ள தொட்டிதான். மூடியின் மேல் ஒரு பெரிய கல்லும் வைத்துப் பார்த்துவிட்டேன். அயலவர் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஸ்காபுறோ

பதில்: முதலில் அந்தக் கல்லை எடுத்துவிடுங்கள், அம்மா. இது இரவில் திரியும் ரக்கூன் என்னும் விலங்கின் வேலை. அது மூடியைத் தூக்கித் திறப்பதில்லை; தொட்டியின் விளிம்பைப் பற்றித் தன் உடற்பாரத்தால் சாய்த்து விழுத்துகிறது. மேலே கல் இருந்தால் தொட்டி இன்னும் எளிதாகக் கவிழும். விழும்போது மூடியின் பிடியும் அடிபடும்.

உங்கள் தொட்டியின் பூட்டுக்கு ஒரு கதை உண்டு. ரக்கூன்களின் தொல்லை தாங்க முடியாமல், 2015ஆம் ஆண்டு ரொறன்ரோவின் அப்போதைய மேயர் ஜோன் ரோறி புதிய பச்சைத் தொட்டியை அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டு முதல் அவை வீடுகளுக்கு வந்தன. திட்டத்தின் செலவு சுமார் 31 மில்லியன் டொலர். தொட்டியின் மாதிரிகளை ரக்கூன்களிடமே கொடுத்துச் சோதித்தவர் யோர்க் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் சுசான் மக்டொனால்ட். திருகிப் பூட்டும் அந்தப் பிடி, குப்பை லொறியின் கை தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது தானாகவே விடுபடும். நிலத்தில் விழுந்து பக்கவாட்டில் கிடக்கும்போது திறக்கக் கூடாது. வடிவமைப்பின் உயிர்நிலை இதுதான். ஆயினும் 2018இல் ரொறன்ரோவின் பத்திரிகையாளர் ஒருவர் தம் வீட்டருகே கமரா பொருத்தியபோது, ஒரு ரக்கூன் தொட்டியைச் சாய்த்துப் போட்டுப் பிடியையும் திருகித் திறந்த காட்சி பதிவாகி, ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசியது.

அந்த ஒரு காட்சியைக் கண்டு பூட்டே வீண் என்று முடிவு செய்துவிட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் தொட்டி திறந்து கிடப்பதற்குக் காரணம், பிடி சரியாகத் திருகப்படாமல் இருப்பதோ, முன்பு விழுந்ததில் அது தளர்ந்திருப்பதோதான். தொட்டியை வெறுமையாக்கி, பூட்டிவிட்டு, நீங்களே ஒரு முறை படுக்கப் போட்டு மூடியை இழுத்துப் பாருங்கள். திறந்துகொண்டால் நகரசபையின் 311 என்ற எண்ணுக்கு அழைத்துப் பழுதைப் பதிவு செய்யுங்கள். மூடியின் விளிம்பில் பொலித்தீன் பை பிதுங்கி நின்றாலும் பூட்டு முழுமையாகப் பொருந்தாது; தொட்டியை வாய்வரை நிரப்பும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

இந்த விலங்கின் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்காலில் ஐந்து நீண்ட விரல்கள். நம்மைப் போல் எதிரே மடங்கும் பெருவிரல் அதற்கு இல்லை. ஆனால் தொடுவுணர்வு அபாரமானது, மூளையில் புலனுணர்வுக்கான பகுதியில் பெரும்பங்கு அந்தக் கைகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரக்கூன் என்ற பெயரே வட அமெரிக்கப் பழங்குடியினரின் பவட்டான் மொழியிலிருந்து வந்தது. கைகளால் சுரண்டுவது, தேய்ப்பது என்னும் பொருளை அதற்குச் சொல்வார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இதனை மரநாய் என்கிறார்கள். இரவில் திரிவதிலும் கூரை ஏறுவதிலும் ஒற்றுமை இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.

உங்கள் வீட்டுக்கு அது திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் எளியது: வந்த இரவெல்லாம் அதற்குச் சாப்பாடு கிடைத்திருக்கிறது. ஒரு முறை இறால் கோது கிடைத்த இடத்தை அது மறப்பதில்லை. ஆகவே பூட்டோடு மல்லுக்கட்டுவதை விட, மணத்தையும் நேரத்தையும் குறைப்பதே பயன் தரும் வழி என்பது என் கருத்து. மீன் செதில், தலை, நண்டுக் கோது, கோழி எலும்பு ஆகியவற்றை அன்றன்றே தொட்டியில் போடாமல், ஒரு பையில் கட்டி குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்திருந்து, குப்பை எடுக்கும் நாள் காலையில் மட்டும் தொட்டிக்கு மாற்றுங்கள். சமைக்கும் உணவுக்குப் பக்கத்தில் குப்பையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. என் வீட்டிலும் முதல் மாதம் அந்தப் பேச்சு நடந்தது. இறுகக் கட்டிய பையில் உறைந்து கிடக்கும் மீன் தலை மணப்பதில்லை. கோடையில் தொட்டியில் புழு வைக்கும் தொல்லையும் அதனால் குறைந்தது.

நகரசபையின் விதிப்படி, காலை 7 மணிக்குள் தொட்டி வாசலில் இருந்தால் போதும். முதல்நாள் இரவு வைப்பது நம் வசதிக்காக மட்டுமே. ரக்கூனுக்கு அது முழு இரவு விருந்து. வேலைக்குப் புறப்படும்போது வையுங்கள். மற்ற நாள்களில் கராஜுக்குள் வைக்க முடியுமானால் அதுவே நல்லது. முடியாதவர்கள் தொட்டியைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி, கொக்கியுள்ள இழுபடும் கயிற்றால் வேலிக் கம்பத்தோடு கட்டலாம். சாயாத தொட்டியைத் திறப்பது ரக்கூனுக்கு மிகக் கடினம். பூட்டில்லாத குப்பைத் தொட்டிக்கும் இதே கயிற்றை மூடியின் குறுக்கே போடலாம். குப்பை எடுக்கும் காலையில் கழற்ற மறந்தால் லொறி எடுக்காமல் போய்விடும்.

ரக்கூன் வருவதை ஓரிரு இரவுகளில் நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இலையுதிர் காலத்தில் ரக்கூன்கள் குளிருக்கு முன் கொழுப்புச் சேர்ப்பதற்காக மிகுதியாக உண்ணும். அக்காலத்தில் விடாமல் முயலும். சில வாரம் வெறுங்கையோடு திரும்பிய பின்னரே வேறு வீடு தேடும். அயலவரிடம் போய், நீங்கள் என்ன மாற்றம் செய்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, அவரும் காலையில் தொட்டி வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு வீடு மட்டும் திருந்தினால் அது பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

கேள்வி: தொட்டியைச் சுற்றி மிளகாய்த்தூள் தூவினால் ரக்கூன் வராது என்று உறவினர் சொல்கிறார். பூச்சி உருண்டையும் போடலாமாம். உண்மையா?
– மார்க்கம் வாசகர்

பதில்: மிளகாயின் காரம் ரக்கூனுக்கும் எரியும். ஆனால் ஒரு மழையோ புல்தரைக்கு விடும் தண்ணீரோ அதைக் கழுவிவிடும், காற்றடித்தால் உங்கள் பிள்ளைகளின் கண்ணுக்கே வரும். காசு கொடுத்து வாங்கிய மிளகாய்த்தூளைக் கறிக்கே வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி உருண்டை வேண்டவே வேண்டாம். அது பூச்சிகொல்லி, பொதியின் சிட்டையில் குறிப்பிடாத தேவைக்கு அதைப் பயன்படுத்துவது சட்டத்துக்கு மாறானது, குழந்தை வாயில் போட்டால் ஆபத்து. அமோனியா ஊற்றும் பழக்கமும் சிலரிடம் உண்டு. ஏற்கெனவே பிளீச்சால் கழுவிய தொட்டியில் அதை ஊற்றினால் நச்சுவாயு கிளம்பும். தொட்டியைக் கழுவ வினாகிரியும் சுடுநீரும் போதும்.

கேள்வி: கூண்டு வைத்துப் பிடித்து, ஊருக்கு வெளியே காட்டில் விட்டுவிட நினைக்கிறேன். தடை உண்டா?
– ஸ்காபுறோ வாசகர்

பதில்: உண்டு. ஒன்ராறியோவில் உயிரோடு பிடித்த காட்டு விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விட்டுவிட வேண்டும். தொலைவில் விட்டால் விலங்குவிசர் (ரேபிஸ்) போன்ற நோய்கள் புதிய இடங்களுக்குப் பரவும் என்பது காரணங்களில் ஒன்று. 2015 டிசம்பரில் ஹமில்ற்றனில் ரக்கூன்களிடையே அந்நோய் கண்டறியப்பட்ட பின் மாகாணம் அதில் மேலும் கவனமாக இருக்கிறது. இளவேனிலில் நீங்கள் பிடிப்பது தாயாக இருந்தால், கூரைக்குள்ளோ மரப்பொந்திலோ இருக்கும் குட்டிகள் பட்டினியால் சாகும். இத்தனைக்குப் பிறகும், குப்பை திறந்து கிடக்கும் வரை காலியான இடத்துக்கு இன்னொரு ரக்கூன் வந்து சேரும். கூரைக்குள் குடியேறிவிட்டால் மட்டும் உரிமம் பெற்ற வனவிலங்கு அகற்றுநரை அழையுங்கள். குட்டிகளை எப்படிக் கையாள்வார்கள் என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். பகலில் தள்ளாடி நடக்கும் ரக்கூனைக் கண்டால் கிட்டப் போகாமல் 311க்குச் சொல்லுங்கள். கடித்தோ பிறாண்டியோ விட்டால், காயத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.