பெண் லைகர் குட்டி போட்டால் சிங்கமும் புலியும் ஒரே சிற்றினமா?

இல்லை. லைகர் என்பது ஆண் சிங்கமும் பெண் புலியும் சேர்ந்து பிறக்கும் கலப்பினம். பெண் லைகர் குட்டி போட்டது உண்மைதான், ஆனாலும் சிங்கமும் புலியும் தனித்தனிச் சிற்றினங்களே.

‘சேர்ந்து, குட்டி போடக்கூடிய குட்டியை ஈன்றால் இரண்டும் ஒரே சிற்றினம்’ என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த வரையறையில் ‘இயற்கையில்’ என்ற ஒரு சொல் விடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் சொன்னது, இயற்கையில் தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்யும் கூட்டங்களைப் பற்றி. லைகர் பிறப்பதோ கூண்டில், மனிதர் இரண்டையும் சேர்த்து வைப்பதால். காட்டில் சிங்கம் கூட்டமாக வாழும், புலி தனியாகத் திரியும். இடமும் பழக்கமும் கருவுறுவதற்கு முன்பே வேலி போட்டுவிடுகின்றன.

அந்த வேலியைத் தாண்டினாலும் இன்னொன்று இருக்கிறது: ஆண் லைகர் மலடு. கலப்பினம் மலடாவதற்கு இன்னோர் உதாரணமாக, குதிரையும் கழுதையும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதையைப் பாருங்கள். குதிரைக்கு 64 குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்), கழுதைக்கு 62, குட்டிக்கு 63. விந்தணுவோ முட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். அப்பா பக்கத்து வரிசையும் அம்மா பக்கத்து வரிசையும் ஒத்துப்போகாமல் அந்த வேலை பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும். பெண் கோவேறு கழுதை அபூர்வமாக ஈன்றதும் உண்டு.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

1. இயற்கையில் இரண்டும் சந்திக்கின்றனவா?
2. ஒரே பருவத்தில் இணை தேடுகின்றனவா? ஒன்றின் குரலை, வாசனையை மற்றது ஏற்கிறதா?
3. கரு தங்குகிறதா? குட்டி பிழைத்து, அதுவும் குட்டி போடுகிறதா?

இரண்டாவது, மூன்றாவது படிகளில் எதில் தடை வந்தாலும் போதும்; சந்திக்காமல் இருப்பது மட்டும் போதாது. நீங்கள் மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டீர்கள்.

சரி, ஓர் எச்சரிக்கை. பாக்டீரியாவுக்கும் புதைபடிவங்களுக்கும் இந்த வரையறை பொருந்தாது. தாவரங்களிலும் கவனம் தேவை: ரொட்டிக் கோதுமையே மூன்று புல்வகைகளின் கலப்பில் வந்ததுதான்.