சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறாமல், குறைந்த செலவில் இருவர் போய்வர எந்தக் கடற்கரை ஊர் நல்லது?

மலேசியாவின் தியோமான் தீவு. ஆளுக்கொரு முதுகுப் பை, கொஞ்சம் பொறுமை, முன்கூட்டியே பார்த்து வைத்த படகு நேரம் இருந்தால் போதும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது என்பதால் மட்டும் செலவு குறைந்துவிடாது. அறை வாடகையில் கசக்கிப் பிழிந்து மிச்சம் பிடித்ததைப் படகுக் கூலியில் தொலைப்பவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.

குவீன் ஸ்திரீட்டில் பஸ் ஏறினால் உட்லண்ட்ஸ், ஜொகூர் பாரு இரண்டு சோதனைச்சாவடிகளிலும் பையோடு இறங்கி ஏறி ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையம் போய்ச் சேரலாம். அங்கிருந்து, தீவுக்குப் படகு புறப்படும் மெர்சிங்குக்கு இன்னொரு பஸ், இரண்டரை மணி நேரம் போல ஆகும். மெர்சிங் படகுத்துறை ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. நீர் வற்றினால் படகு நகராது. அதனால் புறப்படும் நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் அமைகிறது, நாளுக்கு நாள் மாறும். முதலில் படகு நேரத்தைப் பாருங்கள், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு பஸ் டிக்கெட் எடுங்கள். காலைப் படகு என்றால் முதல் நாள் இரவே மெர்சிங்கில் தங்கிவிடுவது மேல். மலிவான அறைகள் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தை நம்பிக் காலைப் படகுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

இறங்குதுறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பணம் இருக்கிறது. படகு கெந்திங், பாயா, தெக்கேக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று கம்பம் கம்பமாக, அதாவது கிராமம் கிராமமாக, நிற்கும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடையே சாலை கிடையாது. ஓரிடத்தில் தங்கி இன்னோரிடத்தில் சாப்பிட ஆசைப்பட்டால் வாடகைப் படகுதான். இருவர் மட்டும் ஏறினால் கூலி கடிக்கும்.

எங்கள் தேர்வு ஆயர் பாத்தாங். எல்லோரும் ஏபிசி என்றுதான் சொல்வார்கள். கடலையொட்டி ஒடுங்கிய சிமெண்ட் பாதை, அதில் மோட்டார் சைக்கிளுக்கு மேல் எதுவும் போகாது. பாதை நெடுகப் பலகைக் குடில்கள். மின்விசிறி மட்டும் உள்ள குடிலே போதும், இரவில் கடற்காற்று வருகிறது. இங்கிருந்து தெக்கேக்குக்குப் படியேறி நடந்தே போய்விடலாம். பணம் எடுக்கும் இயந்திரம், மருந்தகம், மளிகை எல்லாம் அந்தப் பக்கம். ஆனாலும் ரிங்கிட்டை மெர்சிங்கிலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் இருக்கும் கடல் பூங்கா நிலையத்தின் படகுத்துறையடியில் மீன்கள் கூட்டமாகத் திரியும். முகமூடியும் மூச்சுக்குழாயும் வாடகைக்கு எடுத்தால் போதும், அதற்காகத் தனிப் படகுச் சுற்றுலா வேண்டாம்.

என் கணவருக்கு எந்தக் கம்பத்தையும் பார்க்காமல் விட மனம் வராது. அதனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: காசு கொடுத்துப் போவது ஒரே ஓர் ஊர். கிழக்குக் கரையிலுள்ள ஜுவாராவைத்தான் தேர்ந்தெடுப்போம். தெக்கேக்கிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து போய், திரும்பும்போது மட்டும் ஜீப். மேற்குக் கரைக் கம்பங்களைவிட அங்கே மணல் அகலம், ஆள் நடமாட்டம் குறைவு. குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை, கவனம்.

சைவம் சாப்பிடுபவர்கள் பெலாச்சான் என்னும் இறால் விழுது இல்லாமல் கேட்டு வாங்க வேண்டும், சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் அநேகமாக அது இருக்கும். பரோட்டா போன்ற ரொட்டி சானாய் உண்டு, ஆனால் தினமும் அதுவா? சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு பாக்கெட் பருப்புப் பொடி வாங்கிப் போட்டுக்கொண்டு போவது என் வழக்கம்.

வெளிநாட்டவர் கடல் பூங்காக் கட்டணமாக ஆளுக்கு 30 ரிங்கிட் கட்ட வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் அல்லாதவர்கள், சிங்கப்பூர் நிரந்தரவாசிகளும் சேர்த்துத்தான், மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. தியோமான் தீர்வையற்ற தீவு என்று மது பாட்டில்களை அள்ளி வராதீர்கள். மலேசியாவிலிருந்து வருவோருக்குச் சிங்கப்பூரில் மதுவுக்கான தீர்வைச் சலுகை கிடையாது.

காலம் முக்கியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. படகுகள் குறையும், பல விடுதிகள் மூடிவிடும். நம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை சரியாக அதற்குள் வந்து விழுகிறது. ஜூன் விடுமுறையிலும் நோன்புப் பெருநாளிலும் கூட்டம் தாங்காது. பிள்ளைகளின் விடுமுறைக்குக் காத்திருக்கத் தேவையில்லாதவர்கள் ஏப்ரலிலோ செப்டம்பரிலோ விடுப்பு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வியாழக்கிழமை திரும்புங்கள். காலிக் குடில்கள் இருக்கும் நாள்களில்தான் வாடகையைக் குறைத்துக் கேட்கவும் வாய் வரும்.