இத்தனை தண்ணி குடிச்சும் கிருமி ஏன் போகல?

கேள்வி: மாட்டுத்தாவணி பக்கம் ராத்திரிக் கடை ஒண்ணுல நானும் மச்சானும் ஒரே பரோட்டா, ஒரே சால்னாதான் சாப்பிட்டோம். எனக்கு மறுநாள் ராத்திரி வயித்தால போக ஆரம்பிச்சது, அவரு ஜம்முனு இருக்காரு. தண்ணியா குடிச்சா கிருமி அடிச்சுக்கிட்டுப் போயிடும்னாங்க, சொம்பு சொம்பா குடிச்சும் கேக்கலையே? (வாசகர், திருமங்கலம்)

பதில்: சும்மா மிதந்துக்கிட்டு இருந்தா போயிருக்கும், ஆனா அதுக ஒட்டுறதுக்குன்னே தயாரா வருதுக. சால்மோனெல்லா, ஈ.கோலைன்னு வயித்தைக் கெடுக்குற பாக்டீரியா ரெண்டுக்கும் மேல மெல்லிசா புரத இழைங்க இருக்கும், அதோட நுனியில இருக்குற ஃபிம்ஹெச்ங்கிற புரதம் நம்ம செல்லு மேல இருக்குற மேனோஸ் சர்க்கரையைப் புடிச்சுக்கும், இதுல கூத்து என்னன்னா ஈ.கோலையோட அந்தப் பிடி தண்ணி ஓட்டம் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். தண்ணி குடிச்சு கழுவுற கதை அங்கயே முடிஞ்சது.

இன்னொரு ஈ.கோலை ரகம் இருக்கு, சின்னப் புள்ளைங்களுக்கு பேதி கொடுக்குறது. அது ஊசி மாதிரி ஒரு குழாய் வழியா டிர்ங்கிற புரதத்தை நம்ம செல்லுக்குள்ள செலுத்தும், அந்த டிர் செல்லோட சவ்வுல போய் உக்காந்து வெளிய தலையை நீட்டும், கிருமி தன் மேல இருக்குற இன்டிமின்ங்கிற புரதத்தால அதையே கெட்டியா புடிச்சுக்கும். விருந்துக்கு வந்தவன் சட்டையை மாட்ட ஆணியையும் கொண்டாந்து நம்ம செவுத்துல அடிச்சா எப்படி இருக்கும்? அதோட விடாம நம்ம செல்லையே தன்னோட ஆக்டின்ங்கிற புரத இழையை அடுக்கி தனக்கு ஒரு பீடம் கட்ட வைக்கும், அநியாயம்!

மச்சான் தப்பிச்சதுக்கு ஒரே காரணம்னு சொல்ல முடியாது, உள்ள போன அளவு, இரைப்பை அமிலம், குடல்ல ஏற்கனவே குடியிருக்குற நல்ல பாக்டீரியா எல்லாம் சேர்ந்ததுதான். பிடிக்கிற இடமே இல்லாமலும் இருக்கலாம்: ஒரு ரக ஈ.கோலைக்கு கே88ங்கிற ஒட்டுற இழை இருக்கு, பன்னிக்குட்டிகள்ல அந்த இழை புடிக்கிற ஏற்பி குடல்ல இல்லாததுகளுக்கு அந்த ஈ.கோலையால பேதி வராது.

சாப்பிட்ட ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தின்னா அது வேற, ஸ்டெஃபிலோகாக்கஸ்ங்கிற கிருமி சாப்பாட்டுலயே விட்டு வச்ச விஷம், அதுக்கு ஒட்டவே வேணாம். உங்களுக்கு லேட்டாத்தான் ஆரம்பிச்சிருக்கு, பரோட்டாக்கடையை மட்டும் திட்டாதீங்க, அதுக்கு முன்னாடி பின்னாடி தின்னதையும் யோசிங்க. ஓஆர்எஸ் குடிக்கிறது போன தண்ணியையும் உப்பையும் ஈடு கட்டத்தான். ரத்தம் போனாலோ காய்ச்சல் அடிச்சாலோ மெடிக்கல்ல பேதி நிக்கிற மாத்திரை கேட்டு வாங்காம டாக்டரைப் பாருங்க.

கேள்வி: மிச்ச கறிக்குழம்பை ஃப்ரிட்ஜுல வச்சுட்டா கிருமி வளராதுல? (வாசகி, மேலூர்)

பதில்: பெரும்பாலும் அடங்கி இருக்கும்மா, லிஸ்டீரியாங்கிற பாக்டீரியா மட்டும் 4 டிகிரியிலயும் மெதுவா பெருகும். அதோட இன்டர்னலின் ஏங்கிற புரதம், குடல் செல்லுங்களை ஒண்ணோட ஒண்ணு சேத்துப் புடிக்கிற ஈ-கேட்ஹெரின்ங்கிற நம்ம புரதத்தையே புடிச்சு உள்ள நுழையும். எலியோட ஈ-கேட்ஹெரின்ல 16-வது அமினோ அமிலம் மாறியிருக்கு, அந்த ஒண்ணுக்கே அந்தப் பிடி சரியா விழாது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. வீட்டுல மாசமா இருக்குற புள்ள இருந்தா பழைய குழம்பை நல்லா தளதளன்னு கொதிக்க வச்சுத்தான் கொடுக்கணும், ஏன்னா லிஸ்டீரியா நஞ்சுக்கொடி வரைக்கும் போயிடும்.